மிஸ்ஃபிட்ஸ் – ‘வாக் அமங் அஸ்’: வருடக்கணக்காகக் கேட்ட பிறகு

பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசை ஆல்பங்களில் பெரும்பாலானவை எனக்கு ஒரு மாதம் தாங்கும், அப்புறம் ஒதுங்கிவிடும். இது ஒதுங்கவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

மிஸ்ஃபிட்ஸ் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து லோடை என்ற சின்ன ஊர்க்காரர்கள். 1977ல் ஆரம்பித்த குழுவின் முதல் ஆல்பமான இது 1982 மார்ச்சில்தான் வந்தது. 1978லேயே ஒரு ஆல்பம் அளவுக்குப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள், ஆனால் வெளியிட ஆள் கிடைக்கவில்லை. அந்த ‘ஸ்டாட்டிக் ஏஜ்’ முழுசாக வெளிவர 1990களின் பிற்பாதி வரை ஆனது.

‘வாக் அமங் அஸ்’ ஆல்பத்தில் 13 பாட்டு, மொத்தமே சுமார் 25 நிமிடம். செவ்வாய் கிரகவாசி, ஸோம்பி, 1950களில் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்கிய வாம்பைரா, எல்லாரும் வருகிறார்கள். அட்டையில் நிற்கும் எலி, வௌவால், சிலந்தி மூன்றும் கலந்த மிருகம் 1959ல் வந்த ஒரு அறிவியல் புனைவுப் படத்திலிருந்து எடுத்தது. பேய்க்காகத்தான் நானும் உள்ளே போனேன். ஆனால் பேய் சீக்கிரம் பழகிவிடுகிறது, பழகின பிறகும் மிச்சம் நிற்பது மெட்டுதான்.

பாடகர் க்ளென் டான்சிக்கின் குரல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஹார்ட்கோர் (பங்கின் இன்னும் வேகமான, ஆவேசமான வகை) ஆட்கள் கத்திக்கொண்டிருந்தபோது இவர் 1950களின் ராக் அண்ட் ரோல் பாடகர் மாதிரி ஆழமாக, இழுத்து, நிஜமாகவே பாடுகிறார், பின்னால் மற்றவர்கள் சேர்ந்து போடும் அந்த ‘வோ ஓ’ கோரஸ் இரண்டாவது தடவையிலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும். ‘ஸ்கல்ஸ்’ கேளுங்கள். மண்டை ஓடு சேகரிக்கிறவனின் பாட்டு, வரிகள் கொடூரம், ஆனால் வார்த்தை புரியாமல் கேட்பவர் காதல் பாட்டு என்றே சொல்வார். ‘ஆஸ்ட்ரோ ஸோம்பீஸ்’ இன்னும் மேலே, எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் அதுதான்.

குறைகளும் இருக்கின்றன. ஒலிப்பதிவு சீராக இல்லை, ஒரு பாட்டில் கிடார் முன்னால் வந்து நிற்கும், அடுத்ததில் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். நடுவில் ஒரே ஒரு பாட்டு மேடையில் பதிவானது, அந்த இடத்தில் சத்தத்தின் தன்மையே மாறிவிடுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. சின்ன இயர்போனில் கேட்டால் கிடார் வெறும் இரைச்சல்தான். கொஞ்சம் நல்ல ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள், ஜெர்ரி ஓன்லியின் பேஸ் கிடார் அப்போதுதான் கேட்கும். வரிகளில் வன்முறை நிறைய, பெண்களைப் பற்றிய சில இடங்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை, ஒரு பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறேன். வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது போட வேண்டாம்.

இது பிடித்துப்போனால் அடுத்து ‘ஸ்டாட்டிக் ஏஜ்’ கேளுங்கள், மெட்டுகள் இன்னும் நன்றாக இருக்கும். 1983ல் குழு பிரிந்த கையோடு வெளிவந்த ‘எர்த் ஏ.டி.’ வேறு ரகம். வேகம் பயங்கரம், அந்த வேகத்தில் கோரஸ்கள் காணாமல் போய்விட்டன, அதனால் நான் அதை அதிகம் எடுப்பதில்லை.