டேட்டா ரெக்கவரிக்கு டிஸ்க் கொடுக்கும் சேலத்துக்காரர்களே, ஃபைலின் உள்ளே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

"கிடைத்த ஃபைலுக்கு மட்டும்தான் காசு" என்று சொல்லும் டேட்டா ரெக்கவரி கடைக்கு, அதாவது அழிந்த ஃபைல்களை மீட்டுத் தரும் கடைக்கு, ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். சேலத்தில் அப்படி ஒரு கடையில் என் தாய்மாமா 14,000 ரூபாய் கட்டினார். அவர் கைக்கு வந்ததில் பாதிக்கு மேல் வெறும் ஃபைல் பெயர்கள்தான். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

மாமாவுக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வருடக்கணக்காகச் செய்த மாடல்களை எல்லாம் போட்டோ எடுத்து பட்டறை கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். வெளிமாநில வியாபாரிகள் போனில் ஒரு பழைய மாடலைச் சொல்லிக் கேட்டால், அந்தப் போட்டோவை அனுப்பி "இதுதானே?" என்று உறுதி செய்த பிறகுதான் வேலையை ஆரம்பிப்பார். டிஸ்கில் இடம் போதவில்லை என்று பட்டறையில் யாரோ அந்த ஃபோல்டரை அழித்துவிட்டார்கள். விஷயம் தெரிவதற்குள் விண்டோஸ் அப்டேட், புது பில்லிங் சாஃப்ட்வேர் என்று அதே டிஸ்கில் நிறைய ஏறிவிட்டது.

கடையில் டிஸ்க்கை ஸ்கேன் செய்து ஒரு நீளமான பட்டியலைத் திரையில் காட்டினார்கள். பெயர், தேதி, சைஸ் எல்லாம் சரியாக இருந்தன. "எல்லாமே வந்துடுச்சுங்க சார்" என்று எண்ணிக்கை போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். மாமா பட்டறையில் போட்டுப் பார்த்தால் சில படங்கள் திறந்தன, பல திறக்கவில்லை. கேட்டதற்கு வந்த பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: "ஃபைல் வந்துடுச்சு, ஆனா கரப்ட் ஆயிருக்குங்க. ஜேபெக் ரிப்பேர்னு தனியா ஒரு சர்வீஸ் இருக்கு, அதுக்குத் தனி சார்ஜ்."

மாமா எனக்கு போன் செய்தார். "மாப்ள, ரிப்பேர் பண்ணினா சரியாயிடும்ங்கறாங்க. கட்டிடலாமா?" கட்ட வேண்டாம், பென் டிரைவை முதலில் அனுப்புங்கள் என்றேன்.

ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி (ஜேபெக் என்பதும் இதே பட வகைதான்) என்று இருப்பதால் அது படம் ஆகிவிடாது. அந்த மூன்று எழுத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே எண்களாக இருக்கும் பைட்டுகள்தான் பேசும். ஜேபெக் படம் என்றால் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255. பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71 என்று தொடங்கும். ஜிப் ஃபைல் பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும்; அதை வடிவமைத்த ஃபில் கட்ஸின் பெயர்ச் சுருக்கம் அது. விண்டோஸ் புரோகிராம் என்றால் எம், இசட். இந்த அடையாளங்களையும் இன்னும் ஏராளமான வகைகளையும் தொகுத்து வைத்திருப்பதுதான் லிப்மேஜிக் என்ற லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பு). விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் 'ஃபைல்' என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதன் உள்ளே வேலை செய்வது இதுதான். அந்தக் கட்டளை 1973இல் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் இலவசப் பதிப்பை எழுதியவர் இயன் டார்வின். பிற்பாடு கிறிஸ்டோஸ் சூலாஸ் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார். பைதான் என்ற புரோகிராமிங் மொழியில் பைதான்-மேஜிக் மூலம் இதையே கூப்பிடலாம், பிஹெச்பி மொழியில் ஃபைல்இன்ஃபோ. எல்லாம் இலவசம். டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்காமல் வெள்ளி வாங்காதவர் மாமா. ஃபைலுக்கு டச் பார்க்கும் கருவி இது என்று சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டார்.

பென் டிரைவில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் பைதான்-மேஜிக்கிடம் கொடுத்து, அது சொல்லும் வகையைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வரிதான். ஜேபிஜி என்று பெயர் வைத்த ஃபைல்களில் பெரும்பகுதிக்கு 'டேட்டா' என்ற ஒற்றைச் சொல் வந்தது. இன்னதென்று அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். திறந்து பார்த்தால் பல ஃபைல்களில் முதல் பைட்டிலிருந்து கடைசி வரை பூஜ்ஜியம். சிலவற்றுக்கு விண்டோஸ் புரோகிராம் என்று வந்தது. கொலுசுப் படத்தின் பெயருக்குள் அப்டேட் ஃபைல்!

இது எப்படி நடக்கிறது என்றால், ஃபைலை அழிக்கும்போது விண்டோஸ் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை, அந்த இடம் காலி என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பெயரும் சைஸும் டிஸ்கில் உள்ள ஒரு அட்டவணையில் சில காலம் தங்கியிருக்கும். இதற்கிடையில் புது ஃபைல்கள் அந்த இடத்தில் ஏறிவிட்டால், ரெக்கவரி சாஃப்ட்வேர் பழைய பெயரைப் போட்டு, இப்போது அங்கே கிடப்பதை அள்ளிக் கொடுக்கும். கடைக்காரர் காட்டிய பட்டியல் அந்த அட்டவணைதான். டிஸ்கில் இல்லாத படத்துக்குக் காசு வாங்கியதோடு, படமே அல்லாத ஒன்றை ரிப்பேர் செய்து தருகிறேன் என்று மறுபடியும் காசு கேட்டிருக்கிறார்கள். முதலாவதைக்கூட அரைகுறை வேலை என்று விடலாம். இரண்டாவது அப்பட்டமான ஏமாற்று. பூஜ்ஜியங்களை எந்த ரிப்பேரும் கொலுசாக மாற்றாது.

நீங்களும் இப்படிச் சோதிக்கும்போது அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். ஜேபிஜி என்று பெயர், உள்ளே பிஎன்ஜி என்று வந்தால் அது மோசடி அல்ல. வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் சேமித்த படங்களில் அது சகஜம். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி என்ற வேறொரு பட வகையாக வரலாம். அப்புறம், லிப்மேஜிக் பெரும்பாலும் ஃபைலின் தொடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறது. தலைப்பகுதி மட்டும் பிழைத்து மீதி போய்விட்ட ஃபைலையும் ஜேபெக் என்றுதான் சொல்லும். அதனால் தேறியவற்றை, படங்களைத் திறக்க உதவும் பில்லோ என்ற பைதான் லைப்ரரியில் 'லோட்' கொடுத்து முழுப் படத்தையும் விரித்துப் பார்த்தேன். 'வெரிஃபை' என்று ஒன்று இருக்கிறது, ஜேபெக்குக்கு அது போதாது. இந்தச் சுற்றில் இன்னும் ஒரு தொகுதி கழிந்தது. மிஞ்சியதிலும் சில 160-க்கு 120 பிக்சல் அளவுள்ள குட்டிப் படங்கள். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் பொதித்து வைக்கும் முன்னோட்டம் அது. அதையும் தனி ஃபைல் என்று எண்ணிக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

பைதான்-மேஜிக் போடும்போது ஒரு கவனம்: விண்டோஸில் லிப்மேஜிக் தனியாகத் தேவைப்படும். ஃபைல்-மேஜிக் என்று வேறொரு பேக்கேஜும் அதே 'மேஜிக்' என்ற பெயரில்தான் இம்போர்ட் ஆகும், இரண்டும் கலந்தால் பிழை வரும். புரோகிராம் தெரியாதவர்கள் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'ஃபைல்' கட்டளையை ஓட்டச் சொல்லி வெளியீட்டை வாங்கிக்கொண்டாலே போதும்.

டிஸ்க்கில் ஃபைல் அழிந்தது தெரிந்தால் உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் இன்னும் சீக்கிரம். ட்ரிம் என்ற வசதி அழிந்த இடத்தை அதுவாகவே காலி செய்துவிடும். கடைக்குப் போனால் பட்டியலைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். எந்தப் படத்தைத் திறப்பது என்பதை நீங்களே நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் தேர்ந்தெடுத்து, திறந்து காட்டச் சொல்லுங்கள். "முழுதாகத் திறக்கும் ஃபைலுக்கு மட்டும் கட்டணம்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

எங்களிடம் பணம் கட்டிய ரசீது இருந்தது. ஸ்கிரிப்ட் தந்த பட்டியலை அச்செடுத்துக் கடையில் கொடுத்தோம். வாங்கிப் பார்த்தார்கள், பணம் திரும்பத் தர முடியாது என்றார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறோம். அதில் தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுக்கப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் சேலத்தில் இருந்தால் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள், அதுதான் சாட்சி. ஸ்கிரிப்ட் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அனுப்பித் தருகிறேன்.