வெள்ளி நினைவு நாணயம்: ப்ரூஃப் வாங்கலாமா, யூஎன்சி போதுமா?

இந்திய அரசு நாணயச்சாலையின் வெள்ளி நினைவு நாணயங்கள் வங்கியில் கிடைக்காது. நாணயச்சாலையின் இணையதளத்திலோ கவுன்ட்டரிலோதான் வாங்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ரூபாய், எம்.எஸ். சுப்புலட்சுமியின் 100 ரூபாய், 2024 ஆகஸ்டில் வெளியான கலைஞரின் 100 ரூபாய் என்று நம்மவர்கள் தேடி வாங்குபவையும் இதில் உண்டு. இவை கண்ணாடிப் பளபளப்புள்ள ‘ப்ரூஃப்’, சாதாரண அடிப்பான ‘யூஎன்சி’ (அன்சர்க்குலேட்டட்) என இரண்டு வகையில் வரும். எதை வாங்கலாம், பின்னால் என்ன விலை போகும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

முதலில் உலோகக் கணக்கு. பல ஆண்டுகளாக வந்த 44 மி.மீ., 35 கிராம் நாணயங்களில் பாதிதான் வெள்ளி. மீதியில் 40 விழுக்காடு செம்பு; நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. ஆக வெள்ளி 17.5 கிராம். கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 1,750 ரூபாய். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும்தான். பெரிய கோயில் நாணயம் விதிவிலக்கு: 80 விழுக்காடு, அதாவது 28 கிராம் வெள்ளி. சமீபத்திய சில வெளியீடுகள் 40 கிராம், 99.9 விழுக்காடு வெள்ளி. ஒரே அளவு, ஒரே முகமதிப்பு (நாணயத்தில் பொறித்த தொகை) என்பதற்காகப் பழையதையும் புதியதையும் ஒரே விலைக்கு எடை போடக் கூடாது. உருக்கி வெள்ளியாக விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அதைத் தடுக்கிறது.

ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய தகட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்தது. தரை கண்ணாடி மாதிரி, உருவம் பனி படிந்த மாதிரி இருக்கும். மும்பை ப்ரூஃபில் ஆண்டுக்குக் கீழே ‘எம்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மும்பையின் மற்ற நாணயங்களில் வைரக் குறி. ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. யூஎன்சி புழக்கத்துக்குப் போகாத சாதாரண அடிப்பு. பார்க்க ப்ரூஃப்தான் அழகு. ஆனால் அந்தக் கண்ணாடித் தரையில் ஒரு கைரேகை பட்டால் போதும், சில மாதத்தில் பழுப்பாகப் பதிந்துவிடும். துணியால் துடைத்தால் மயிரிழைக் கீறல்கள் விழும். டீலர் லென்ஸில் முதலில் தேடுவதே அதைத்தான்.

பாதி வெள்ளி நாணயங்களின் பெரிய பலவீனம் உலோகக் கலவையே. செம்பு அதிகம் என்பதால் சென்னை, நாகை போன்ற கடலோர ஈரப்பதத்தில் புள்ளி விழும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அட்டை மடிப்பும் வெல்வெட்டும் கண்காட்சிக்கு நல்லவை, இருபது வருடப் பாதுகாப்புக்கு அல்ல. பெட்டியையும் சான்றிதழையும் தனியே வையுங்கள், ஏனென்றால் அவை இல்லாவிட்டால் விற்கும்போது விலை குறையும். நாணயத்தை 44 மி.மீ. கேப்சூலில் (வட்டமான பிளாஸ்டிக் கூடு) போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் பக்கத்திலேயே வேண்டாம். பிவிசி உறையில் கிடந்த நாணயத்தில் பிசுபிசுப்பான பச்சை வந்திருந்தால், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, அடுப்பு எரியாத இடத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுங்கள். நகப்பாலிஷ் ரிமூவர் சரிவராது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். புளி, விபூதி, வெள்ளிப் பாலிஷ் எதுவும் கூடாது. குத்துவிளக்கு துலக்குகிற வேலை இல்லை இது!

எதிர்கால விலையைப் பொறுத்தவரை வாங்குபவருக்குப் பாதகமான விஷயம் ஒன்று உண்டு. முன்பதிவு எவ்வளவு வருகிறதோ அதைப் பார்த்தே அடிக்கிறார்கள். எல்லோரும் ஆசைப்படும் தலைவரின் நாணயம் நிறைய அடிக்கப்படும், அதனால் அபூர்வமாகாது. வெளியான வாரத்தில் இரட்டை விலைக்கு வாங்குவதுதான் மிக மோசமான முடிவு. யாரும் கண்டுகொள்ளாத தலைப்புகளே பின்னால் கிடைக்காமல் போக வாய்ப்புள்ளவை. புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை யூஎன்சி. ஏசி அறையும் பொறுமையும் உள்ளவர் ப்ரூஃப் எடுக்கட்டும்.

வெளிச்சந்தையில் வாங்கினால் 0.01 கிராம் காட்டும் தராசும் விட்டம் அளக்கும் வெர்னியரும் கொண்டுபோங்கள். 35 கிராம் (99.9 விழுக்காடு வெள்ளி நாணயமானால் 40 கிராம்), 44 மி.மீ., விளிம்பில் 200 வரிகள்: இதில் ஒன்று தவறினாலும் வெள்ளி முலாம் பூசிய நகலோ என்று சந்தேகப்பட வேண்டும்.

வைஷ்ணவ தேவி உருவம் போட்ட 5, 10 ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்கள் வேறு ரகம். அவை புழக்கத்துக்கு அடித்தவை, கடைக்காரர் சில்லறையாகக் கொடுத்தவை. பழைய நாணயம் வாங்க, விற்க தன் பெயரில் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. பதிவுக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அத்தோடு போனை வைத்துவிடலாம்.