எங்க ஏரியா ரேஷன் கடை: அரிசியும் அரசியலும்

அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா கொடுப்பேன். அரிசி கார்டுக்கு 2011 ஜூன்ல இருந்து அரிசி ஃப்ரீ, துவரம் பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் பாக்கெட் 25 ரூவா, அதே பருப்பு மளிகைக்கடையில நூறைத் தாண்டும். அரிசி சில மாசம் பழுப்பா, ஒரு வாடையோட வரும், நல்லா களைஞ்சு ஊறப்போட்டு இட்லிக்கு ஆட்டுனா பஞ்சு மாதிரி வருது.

1997ல மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல, கீழன்னு கார்டைப் பிரிக்கச் சொன்னப்போ தமிழ்நாடு எல்லாருக்கும்தான்னு நின்னுச்சு பாருங்க, அதுதான் பெரிய விஷயம். 1967லயே ரூபாய்க்குப் படி அரிசின்னு சொல்லி ஓட்டு கேட்ட ஊரு, இதுல கை வெச்சா தேர்தல்ல அடி விழும்னு எல்லா கட்சிக்கும் தெரியும். பிரிச்சிருந்தா யாரு ஏழைன்னு லிஸ்ட் போடுறது வார்டுல செல்வாக்கு உள்ளவங்க கையில போயிருக்கும், கூலி வேலைக்குப் போற அக்கா பேருதான் முதல்ல விடுபடும்.

குறைன்னா கைரேகை மெஷின், சிமெண்ட் வேலை பாத்து ரேகை தேஞ்ச சித்தாளுங்க விரலை வெச்சு வெச்சு எடுக்குறாங்க, பின்னாடி க்யூ கத்துது. இதை உடனே சரி பண்ணணும். மாசக் கடைசி வரைக்கும் விடாதீங்க, பருப்பு தீர்ந்துடும்.