போலோவுக்கு லோயரிங் ஸ்பிரிங்: கம்பெனி ஷாக்குடன் 11,000 கிலோமீட்டர்

சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வாரத்தில் ஆறு நாள் காரில் போய் வருகிறேன். தோல் பதனிடும் ஆலையில் ரசாயனப் பரிசோதனை வேலை. கார் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி. நம் ஊர்ச் சம்பளத்தில் கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 2022-இல் இந்தியாவில் இதன் தயாரிப்பு நின்ற பிறகு, இதை நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இன்னும் கூடிவிட்டது.

குறை என்று பார்த்தால் உயரம். நம் சாலைகளுக்காக இந்திய போலோவை ஐரோப்பிய போலோவைவிடத் தூக்கி வைத்திருக்கிறார்கள். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 165 மி.மீ. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகுதான் திரும்பும். அந்த நொடிநேரத் தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை. புது ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) நான்குக்கும் சேர்த்துச் செலவழிக்கக் கையில் பணம் இல்லை. முன் ஜோடியை 52,000 கிலோமீட்டரில்தான் மாற்றியிருந்தேன். பின் ஜோடியில் எண்ணெய்க் கசிவு இல்லை. எனவே ஷாக்கை அப்படியே விட்டுவிட்டு, காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது தவறான ஜோடி. 50 மி.மீ. இறக்கும் என்று சொல்லி விற்றார்கள். விற்றவர் பெயரை எழுதவில்லை; பணமும் திரும்ப வரவில்லை. காட்பாடி பக்கம் ஒரு சிறிய பட்டறைக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் அண்ணன் அறுபதை நெருங்கியவர். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கைத் தாங்கும் முன்பக்க ஷாக்) முழுதாக நீட்டி, புதியதைத் தட்டில் உட்கார வைத்து மேல் மவுண்ட்டைப் பூட்டினார். பிறகு இரண்டு விரலால் ஸ்பிரிங்கைச் சுற்றினார். அது தடையில்லாமல் சுழன்றது.

"தம்பி, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இப்படித்தான் ஆடும். மறுபடி உட்காரும்போது தட்டை விட்டு விலகிவிட்டால் என்ன ஆகும்? இதை நான் மாட்ட மாட்டேன்" என்றார். கூலியும் வாங்கவில்லை. பழையதையே பூட்டி அனுப்பினார். கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஷாக் முழுதாக நீண்டிருக்கும் நிலையிலும் ஸ்பிரிங் இறுக்கமாக நிற்க வேண்டும். எவ்வளவு இறங்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகு.

அடுத்து, ஷாக் அழுந்துவதற்கு மிச்சம் இருக்கும் ஓட்டம். காரை 40 மி.மீ. இறக்கினால், ஷாக் உள்ளே போவதற்கு இருந்த இடத்தில் ஏறக்குறைய அந்த 40 மி.மீ. நின்றபடியே செலவாகிவிடுகிறது. மீதி ஓட்டம் முடியும் இடத்தில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் இருக்கிறது. காரின் எடை அதன் மேல் விழும்போது வரும் அடி முதுகெலும்பு வரை வரும். அந்த அடியைத் தவிர்க்கத்தான் லோயரிங் ஸ்பிரிங்கைக் கூடுதல் கடினமாகச் செய்கிறார்கள். ஆனால் ஷாக் பழைய ஸ்பிரிங்கை அடக்குவதற்கென்று செய்யப்பட்டது. ஸ்பிரிங்கின் கடினம் 20 விழுக்காடு கூடினால், அதே ஷாக் அடக்கும் விகிதம் சுமார் 9 விழுக்காடு குறையும். 50 விழுக்காடு கூடினால் 18. முதல் கணக்கோடு வாழலாம். இரண்டாவதோடு முடியாது. கார் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் ஊஞ்சல் போல ஆடும், ஷாக்கும் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இதையெல்லாம் யோசித்து இரண்டாம் முறை வாங்கியது ஐபாக் ப்ரோ-கிட். அந்த நிறுவனத்திலேயே இன்னும் அதிகம் இறக்கும் ஸ்போர்ட்லைன் வரிசையும் இருக்கிறது. படத்தில் பார்க்க அதுதான் அழகு. நான் குறைவாக இறக்கும் வரிசையை எடுத்தேன். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கின்றன. சிறிய குலுக்கலில் அவை முதலில் படிகின்றன. கார் அழுந்த அழுந்தக் கடினம் கூடுகிறது. பட்டறையில் அதே இரண்டு விரல் சோதனை. இந்த முறை அசையவில்லை.

வேலை ஒரு நாள் பிடித்தது. முன்பக்கம் ஸ்ட்ரட்டை முழுதாக வெளியே எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரெஸர் போட்டு ஸ்பிரிங்கை அழுத்தித்தான் மாற்ற வேண்டும். பின்பக்கம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருப்பதால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மெக்கானிக் அண்ணனின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கீழ் ஆர்மின் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது அவர் முறுக்கவில்லை. நான்கு சக்கரமும் தரையில் நின்று எடை இறங்கிய பிறகே முறுக்கினார். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். அவசரப்படும் பட்டறைகளில் இதைப் பார்க்க முடியாது.

மாட்டுவதற்கு முன் சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு வரை அளந்து வைத்திருந்தேன்: முன்பக்கம் 385, பின்பக்கம் 380 மி.மீ. 500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு 348, 350. பெட்டியில் எழுதியிருந்ததைவிட முன்பக்கம் 7 மி.மீ. அதிகம் இறங்கியிருக்கிறது. பெட்டியின் கணக்கு தாழ்வான ஐரோப்பிய காரை வைத்துப் போட்டது. நம் கார் உயரத்திலிருந்து இறங்குகிறது. 30 என்று படித்தால் 37-க்குத் தயாராக இருங்கள். உட்கார்ந்த பிறகே சக்கர அலைன்மென்ட் செய்தேன், முகப்பு விளக்கின் உயரத்தையும் சரிபார்த்தேன்.

ஓட்டம்? பொன்னேரியில் திரும்பி ஏலகிரி ஏறிய முதல் காலையிலேயே தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே வருகிறது. சாய்வு பாதியாகக் குறைந்தது போல் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 48-இல் லாரியைக் கடக்கும்போது காற்றுக்குக் கார் அலைபாய்வதில்லை. இந்த மாற்றத்துக்காக மட்டுமே இன்னொரு முறையும் இதே ஸ்பிரிங்கை வாங்குவேன்.

ஊருக்குள் கதை வேறு. விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது சிமென்ட் சுவரைப் படுக்க வைத்தது போன்றது. தனியாகப் போனால் பிரச்சினை இல்லை. நான்கு பேர் ஏறினால் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குகிறேன். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இணைப்புகளில் முன்பைவிடக் கூர்மையாகத் தட்டுகிறது.

பின் இருக்கையைப் பற்றி அப்பாவிடம்தான் கேட்டேன். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்பிரிங் பட்டை உடைந்த பஸ்ஸைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் வரை போய்த் திரும்பினோம். இறங்கியதும் சொன்னார்: "முன்னால் குறை இல்லை. பின்னால் மேடு தாண்டியதும் ஒரு ஆட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது ஆட்டம் இருக்கிறது."

சரியாகச் சொன்னார். முழுச் சுமையில் பின் ஷாக்கால் புதிய ஸ்பிரிங்கை ஒரே வீச்சில் அடக்க முடியவில்லை. இதில் குற்றம் ஸ்பிரிங்கின் மேலும் இல்லை, ஷாக்கின் மேலும் இல்லை. வேறு வேறு கணக்குக்குச் செய்த இரண்டை நான்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் இருவர் மட்டும் போகும் காருக்கு இந்தச் சேர்க்கையைத் தயங்காமல் சொல்வேன். தினமும் பெற்றோரைப் பின்னால் உட்கார வைப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அவர்கள் காத்திருந்து, தாழ்ந்த காருக்கென்றே வரும் பில்ஸ்டீன் பி8 போன்ற குட்டை ஷாக்கோடு சேர்த்து வாங்கட்டும். பி6 வழக்கமான உயரத்துக்கானது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழைய ஸ்பிரிங்குகள் நான்குக்கும் கிரீஸ் தடவி, எது எந்தப் பக்கம் என்று சீட்டு கட்டி, கோணிப்பையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பின் ஷாக் ஜோடிக்கு மாதாமாதம் பணம் ஒதுக்குகிறேன். அதுவரை அப்பா முன் இருக்கையில் வருகிறார்.