திருகோணமலைக்குப் புதிதா? பஸ், ஓட்டோ, சைக்கிள்: எது எப்போது காலை வாரும்

திருகோணமலைக்கு இடமாற்றத்தில் வருகிற ஆசிரியர், வங்கி ஊழியர், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரம் கேட்பது ஒன்றுதான்: எதில் போய் வருவது? காசையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் விடை சுலபம். புதிதாக வந்தவரின் பாடு வேறு. பஸ் ஓடாத நாள் எந்த ஊரிலும் உண்டு. இன்றைக்கு ஓடாது என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே எது எப்போது காலை வாரும், அதை யார் முந்திச் சொல்வார்கள் என்று பார்த்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

டவுனுக்குள் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், சைக்கிள்தான். பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி, டச்சு பே கடற்கரை, பிரெட்ரிக் கோட்டை வாசல் எல்லாம் சிறு மிதிப்பில் வந்துவிடும். தரை பெரும்பாலும் சமம். உவர்மலை ஏற்றமும் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையும் மட்டும் மூச்சு வாங்க வைக்கும், இறங்கி உருட்டலாம். குறை என்றால் நண்பகல் வெயில், பிறகு ஆண்டுக் கடைசியில் வருகிற வடகீழ் பருவமழை. கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான்கள் டவுன் வீதிக்கும் வரும், மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவில் லைட் இல்லாமல் புறப்படாதீர்கள். மற்றபடி சைக்கிள் காலை வாரினால் காற்றுப் போகும், அவ்வளவுதான். யாரையும் கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.

டவுனுக்கு வெளியே போனதும் கணக்கு மாறுகிறது. வடக்கே உப்புவெளி, கோணேசபுரி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று ஒரு பஸ் வழி. தெற்கே சீனக்குடா, கிண்ணியா, மூதூர். கிண்ணியாவுக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. மூதூருக்கும் இப்போது கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தரைவழியாகவே போய்விடலாம். பழைய ஆட்களிடம் வழி கேட்டால் சிலர் இன்னும் லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் அவசரத்தில் கேட்காதீர்கள்.

இ.போ.ச (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்றால், காலையில் வேலைக்குப் போக எனக்கு இ.போ.ச. தனியார் பஸ் ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டே நிற்கும், நின்ற நேரத்தை வழியில் ஓடிப் பிடிக்கப் பார்க்கும். இ.போ.ச நேரம் பார்த்து எடுக்கிற வாய்ப்பு அதிகம், மாணவரின் சீசன் டிக்கெட்டும் அதில்தான் செல்லும். பின்னேரம் திரும்பும்போது இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், முதலில் வருவதில் ஏறுங்கள். பஸ் காலை வாருவது பெரும்பாலும் இருட்டிய பிறகும் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும். அறிவிப்புப் பலகை எதுவும் இதைச் சொல்லாது, கொண்டக்டர் சொல்வார். கிண்ணியா பஸ்ஸில் ஏறும்போதே "நானா, திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வையுங்கள் (முஸ்லிம் அண்ணனை இங்கே நானா என்பார்கள்). பக்கத்து சீட்டில் இருப்பவரும் சேர்ந்து பதில் சொல்வார், இரண்டு பேரும் வேறு வேறு நேரம் சொன்னால் முந்திய நேரத்தை நம்புங்கள்.

ஓட்டோ இந்த மூன்றிலும் வசதியானது, விலையில் மட்டும் வழுக்கும். கொழும்புப் பழக்கத்தில் மீட்டரைத் தேடாமல் ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வருகிற காலம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கேட்கிற விலையும் அதற்கேற்ப ஏறும். தமிழில் பேசினால் கொஞ்சம் இறங்கும், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம். நல்ல ஓட்டோக்கார அண்ணா ஒருவரின் நம்பரை வைத்துக்கொள்வது இங்கே பெரிய சொத்து. எந்த வீதியில் வெள்ளம், எங்கே கடையடைப்பு என்பது அவருக்கு விடியவே தெரிந்துவிடும். பயணத்துக்குக் கொடுக்கிற காசில் பாதி அந்தச் செய்திக்குத்தான் என்று நினைத்தால் மனம் ஆறும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் இதையெல்லாம் படிக்கத் தேவையில்லை. ஹெல்மெட், லைசென்ஸ், முடிந்தது.

கொழும்புக்குப் போக ரயிலா, 49ஆம் இலக்க பஸ்ஸா? பஸ் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஓடும், வேகம் அதிகம். இரவு ரயிலில் முதுகு தப்பும். அரச ஊழியருக்கு வாரண்டும் (ரயில் பயண அனுமதிச் சீட்டு) இருப்பதால் போட்டியே இல்லை. ஆனால் தம்பலகாமம், கந்தளாய் தாண்டி கல்லோயாவில் மட்டக்களப்புப் பாதையோடு சேர்கிற அந்தப் பகுதி யானைக் காடு. யானை கடந்தால் ரயில் தாமதிக்கும், தாமதிக்கத்தான் வேண்டும். காலை எட்டரைக்கு நேர்முகத் தேர்வு என்றால் முதல் நாள் பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.

இனி, செய்தி. வீரகேசரியும் தினக்குரலும் நாட்டு நடப்பைச் சொல்லும், உங்கள் வீதியில் நாளை தண்ணீர் வருமா என்பது அவற்றின் வேலை இல்லை. வானொலியும் அப்படித்தான். ஜேர்மன் வானொலி பல வருடங்கள் மறு ஒலிபரப்பு நிலையம் வைத்து நடத்திய ஊர் இது, இங்கிருந்து ஆசியா முழுக்கச் செய்தி போனது. உள்ளூர்க்காரர் செய்தி கேட்பது என்னவோ தேத்தண்ணிக் கடையில்தான்.

உண்மையான போட்டி அந்தக் கடைக்கும் வாட்ஸப் குழுவுக்கும். வேகத்தில் வாட்ஸப்பை அடிக்க ஆள் இல்லை. ஆனால் போன வருடத்து வெள்ளப் படமும் அதில் இன்றைக்கு எடுத்ததுபோல வரும். கடையில் பொய் சொன்னவர் நாளைக்கும் அதே வாங்கில் வந்து உட்கார வேண்டும், அந்தப் பயம் குழுவில் இல்லை. பஸ், கடையடைப்பு, மீன் விலை, கோயில் திருவிழாவுக்கு வீதி மூடுவது எல்லாவற்றுக்கும் நான் கடையையே நம்புகிறேன்.

புயலுக்குக் கடையும் போதாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி இந்த மாவட்டக் கரையோரமாகத்தான் தரை தட்டியது. அப்படியான இரவில் வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பும் கிராம உத்தியோகத்தர் சொல்வதும் மட்டும்தான் கணக்கு. கிராம உத்தியோகத்தரிடம் வந்த வாரமே போய்ப் பதிந்து, நம்பரையும் வாங்கி வையுங்கள். போனில் இன்னும் நான்கு இலக்கங்கள்: அனர்த்தத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990, கரண்டுக்கு 1987, அரச தகவலுக்கு 1919. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிங்களத்தில் தொடங்கி நடுவில் தடுமாறுவதை விட நேரம் மிச்சம்.