வானத்து லைனில் ஒன்பது வருடம், கடலடி லைனில் மிச்ச காலம்

தென்காசியிலிருந்து மச்சான் போன வாரம் கூப்பிட்டார். "மாப்ள, சாட்டிலைட் இன்டர்நெட் வரப்போகுதாமே, வீட்டுல இருக்கிற பைபரைக் கழட்டிட்டு அதைப் போட்டுரலாமா?" 2011 முதல் போர்ட் பிளேயரில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! (2024-இல் ஊர் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. வாய்க்கு இன்னும் பழகவில்லை.)

என் கடைக்குள் வந்தது சாதாரண டெலிபோன் ஒயர்தான். ஆனால் தீவை விட்டு வெளியே போக இணையத்துக்கு இருந்த வழி செயற்கைக்கோள்தான். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிள் திறக்கப்படும்வரை இதுதான் நிலைமை.

அந்தச் செயற்கைக்கோள் நின்றது நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டரில். நாம் ஒரு பட்டனைத் தட்டினால் சேதி மேலே போய் மெயின்லேண்டில் இறங்கும்; பதில் மறுபடி மேலே ஏறி இங்கே இறங்கும். மொத்தம் 1,44,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் போனாலே அரை நொடி காலி. மற்ற தாமதமும் சேர்ந்து என் கடையில் பிங், அதாவது ஒரு சேதி போய்ப் பதில் வர ஆகும் நேரம், 700 மில்லி செகண்டுக்குக் குறைந்ததே இல்லை. கூடக் காசு கட்டி வேகமான பிளான் போட்டாலும் இது குறையாது, தூரம் தூரம்தானே. ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல நடை போய் வரவேண்டும் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஸ்பீடு டெஸ்ட் 2 எம்பிபிஎஸ் காட்டும், பக்கம் மட்டும் வெள்ளையாகவே நிற்கும்.

தட்கல் டிக்கெட் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கப்பலில் மூன்று நாள் போய்ச் சென்னையில் இறங்குகிறவருக்கு அங்கிருந்து மதுரைக்கு ஸ்லீப்பர் வேண்டும். சரியாக 11 மணிக்கு உள்ளே போவேன். கேப்ச்சா படம் பாதி வந்து நிற்கும். அடித்து முடித்தால் 'செஷன் முடிந்தது' என்று வரும். பணம் கட்டும் பக்கம் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருக்கும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்தே முக்காலுக்கே சென்னையில் இருக்கும் நண்பனுக்கு போன் போட்டு, பயணிகளின் பெயரையும் வயதையும் வாசிப்பேன், அவன் அங்கே டிக்கெட் போடுவான். அந்த போனிலும் குரல் தாமதமாகத்தான் போகும். இரண்டு பேரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீ சொல்லு" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அடுத்தது பங்கு போடும் பிரச்சினை. மேலே இருக்கிற கொஞ்சம் இடத்தைத் தீவு முழுவதும் பிய்த்துக்கொள்ளும். சிபிஎஸ்இ ரிசல்ட் அன்று கடை வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள், உள்ளே எதுவும் அசையாது. விண்டோஸ் அப்டேட்டெல்லாம் ராத்திரி 2 மணிக்குப் போட்டுவிட்டுப் படுப்பேன். பெரிய ஃபைல் என்றால் மெயின்லேண்டிலிருந்து வருகிறவர் பென்டிரைவில் கொண்டுவருவார். அவர் விமானத்தில் வந்தாலும் சரி, கப்பலில் வந்தாலும் சரி, டவுன்லோடை விட நிச்சயம் அதுதான்.

வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. மழை வலுத்தால் பக்கத்து ஏடிஎம்மின் டிஷ் உயிரை விட்டுவிடும். வரிசையில் நின்றவர்கள் என் கடைத் தாழ்வாரத்துக்கு ஒதுங்குவார்கள். மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் இன்னொரு கூத்து. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாட்களில், சில நிமிடம் எல்லாம் நின்றுபோகும். பையன்கள் நான் மோடத்தை அணைத்துவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள்.

கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து இங்கே வந்து, இங்கிருந்து மற்ற சில தீவுகளுக்கும் போகிறது. என் கடைக்கு பைபர் வந்த அன்று முதலில் பிங்தான் அடித்துப் பார்த்தேன். 700 இருந்த இடத்தில் 45. அடித்தது சரிதானா என்று இன்னொரு தடவை அடித்தேன். அன்று யாரும் கேட்காமலேயே ஒரு தட்கல் பக்கத்தைத் திறந்து, கேப்ச்சா முழுசாக வருகிறதா என்று பார்த்தேன், வந்தது.

கேபிளும் கடவுள் இல்லை. சாலையைத் தோண்டுகிறவன் கையில் ஒயர் அறுந்து இரண்டு நாள் கடையைச் சாத்தியிருக்கிறேன். புகார் கொடுத்தால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான். புயல் நேரத்திலும், கேபிள் போகாத தீவிலும், நடுக்கடலிலும் செயற்கைக்கோள்தான் கதி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மச்சான் கேட்ட புது வகை வேறு. அது சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகிறது, ஆகவே அரை நொடி நோய் அதற்கு இல்லை. பங்கு போடுவது மட்டும் மாறவில்லை. ஒரு பகுதியில் டிஷ் கூடக்கூட ஆளுக்குக் கிடைப்பது குறையும். செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருப்பதால் வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு தென்னை மட்டை குறுக்கே வந்தாலும் வீடியோ கால் திக்கும். பைபர் மோடம் 10, 15 வாட்டில் ஓடும், டிஷ் 50 முதல் 100 வாட் வரை இழுக்கும். கரண்ட் போனால் சின்ன யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நம் லைனை நேராகத் தேடி வர உதவும் முகவரி, பெரும்பாலும் கிடைக்காது, ஆகவே கடை கேமராவை வெளியிலிருந்து நேராகப் பார்ப்பதும் தகராறு.

"தோப்புல மோட்டார் ரூம் பக்கம் ஒயரே வராதுன்னீங்களே, அங்க வேணும்னா போடுங்க. மட்டை மறைக்காத இடமாப் பாருங்க. வீட்டுச் சுவத்துல இருக்கிற பெட்டியில கை வைக்காதீங்க" என்றேன்.

"அப்போ வர்றப்போ பென்டிரைவ் எதுவும் கொண்டுவர வேணாமா?" என்று சிரித்தார்.

வேண்டாம். பழசு ஒரு டப்பா நிறைய இன்னும் கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது.