பட அட்டையா, பேசும் டேப்லெட்டா?

பேச்சு வராத, அல்லது மிகக் குறைவாகப் பேசும் ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர், பட அட்டைகளில் தொடங்குவதா, டேப்லெட்டில், படத்தைத் தொட்டால் குழந்தைக்காகப் பேசும் செயலியை நிறுவுவதா என்று தடுமாறுவது இயல்பு. இவை பேச்சு வருவதைத் தடுத்துவிடும் என்ற அச்சத்தை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

செலவு: அட்டைகளை வீட்டிலேயே அச்சிட்டு லேமினேட் செய்துகொள்ளலாம். டேப்லெட்டில் கருவியின் விலையோடு, பல செயலிகளுக்குத் தனிக் கட்டணமும் சேரும்.

நீடிப்பு: அட்டை தொலைந்தால் (தொலையும், அதுவும் அதிகம் தேவைப்படும் அட்டைதான்) இன்னொன்று செய்துவிடலாம். டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்தால் குழந்தையின் குரலே நின்றுபோகும்.

கற்பது: 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய பட அட்டைப் பரிமாற்ற முறை 6 கட்டங்கள் கொண்டது. முதல் கட்டத்தில், குழந்தை அட்டையை எதிரில் இருப்பவரின் கையில் கொடுத்ததும் கேட்ட பொருள் உடனே கிடைப்பதால், தொடர்பு என்பது இன்னொரு மனிதரிடம் செல்வது என்பது அதற்குப் பழக்கமாகிறது. செயலியிலோ குழந்தை யாரையும் பாராமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கவும் கூடும். பெரியவர்கள் தாமும் அதே திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்டினால்தான் அது உரையாடலாக மாறும்.

சொல்வளம்: இதில் செயலிக்கே முதலிடம்.

தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கவே இன்னும் பழகாத குழந்தைக்கு அட்டை பொருந்தும். படங்களை எளிதாக வேறுபடுத்தி, சொற்களைச் சேர்க்கத் தொடங்கிய குழந்தைக்கு டேப்லெட் பொருந்தும். விளையாட்டுச் செயலிகள் மட்டும் அதில் வேண்டாம். குளியலறைக்குச் சில அட்டைகள் அப்போதும் தேவைப்படும்.